வெடிப்பைப் படம்பிடிக்க ஒரு கேமரா

"பகல்லயே நம்ம மூஞ்சி போட்டோவுல சரியா விழாது. இவ இருட்டுல மண்ணைப் புடிக்கப் போறாளாம்."

சொன்னவர் என் பெரியப்பா. எங்கள் தேயிலை, ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர்களுக்கு அவர்தான் தலைவர். துரையிடம் போய்ப் பேசுவதற்கென்று லயத்து ஆட்கள் தெரிந்தெடுத்த ஆள். பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற ஏழெட்டுப் பேருக்கு முன்னால் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மூஞ்சி விழாட்டி பரவாயில்ல பெரியப்பா. மலை விழுறதுக்கு முந்தி புடிக்கணும்" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. அப்படி நிறுத்துவது எனக்குப் பிடிக்கும். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். உயர்தர வகுப்புவரை படித்து, கீழே பஸ் பாதையோரப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருக்கிறேன். பெரியப்பா கையெழுத்து வைக்கும் கடிதங்களையெல்லாம் எழுதிக்கொடுப்பது நான்தான். அதனால் என்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்குத் தாங்காது.

விஷயம் இதுதான். எங்கள் லயம் எட்டு ஒற்றையறை வீடுகள் ஒட்டிய ஒரே வரிசை. அதன் பின்பக்கம் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குச் சந்து. அதற்கு அப்பால் மேட்டுமண், அதன்மேல் ரப்பர் மலை. அந்த மேட்டின் அடியில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. எட்டுக் காம்பராக்களில் நடு நான்குக்கும் நேர் பின்னால், மழைநீர்க் கான் ஓரமாக அது ஓடியது. எங்கள் காம்பராவின் பின்சுவரில் தலைவைத்துத்தான் அம்மா படுப்பாள். அப்பா இறந்த பிறகு நாங்கள் இரண்டே பேர்.

பெரியப்பா துரையிடம் சொன்னார். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒரு மத்தியானம் வந்து, குடையை விரிக்காமலேயே எட்டிப் பார்த்துவிட்டு, "இது பழைய வெடிப்பு. என்னைக்கும் இப்படித்தான் இருக்கு" என்று போய்விட்டார். அது பெரிதாகிறது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. நேற்று எவ்வளவு இருந்தது என்று மண்ணிடம் கேட்க முடியாது. ஒரே இடத்தை, ஒரே தூரத்திலிருந்து, திரும்பத் திரும்பப் படம் எடுத்தால் யாரும் மறுக்க முடியாது என்று நினைத்தேன்.

ஆனால் நான் விடியுமுன் பஸ் ஏறுகிறவள். மாலை வகுப்பும் எடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது பொழுது பட்டிருக்கும். அந்தச் சந்தில் உச்சிப்பொழுது தவிர வெயில் விழாது. கூட வேலை செய்கிற ஆசிரியை ஒருவரின் கைத்தொலைபேசியை இரவல் வாங்கி ஒருநாள் முயன்று பார்த்தேன். கறுப்புத் துணியைப் படம் எடுத்த மாதிரி இருந்தது. வெளியில், மழையில், இருட்டில் எடுக்கிற கேமரா ஒன்று வேண்டும். பைக்குள் அடங்கவும் வேண்டும்.

மாவனல்லை டவுனில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் உட்கார்ந்து, இணையத்தில் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் படித்தேன். அகராதியை மடியில் வைத்திருந்தேன். மெகாபிக்சல் என்று எல்லோரும் கூவுவது படத்தின் அளவைத்தான், இருட்டுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்று விளங்கியது. கதவு திறந்து மூடுவதைப்போல உள்ளே ஒன்று திறந்து மூடுகிறது, அது அதிக நேரம் திறந்திருந்தால் குறைந்த வெளிச்சமும் போதும், ஆனால் அதுவரை கேமரா அசையக் கூடாது. இவ்வளவையும் கொப்பியில் எழுதிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நரைத்த தாடியும் தொப்பியுமாக இருந்தார். முஸ்லிம்களின் தமிழில் பேசினார்.

"கலியாண வீட்டுக்கா புள்ள?"

"இல்லைங்க. வெளியில எடுக்கிறதுக்கு. பொழுது பட்ட பிறகு."

"ராவைக்கா?" அவர் கை நின்றுவிட்டது. "எனத்த எடுக்க?"

"மண்ணு."

என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார். நாட்டில் யுத்தம் இன்னும் முடியவில்லை. சந்தியில் பஸ்ஸை நிறுத்திப் பைகளைக் கிண்டிப் பார்க்கிற காலம். ஒரு தமிழ்ப் பெண் தனியாக வந்து, இரவில் எடுக்கிற கேமரா, அதுவும் பிளாஷ் வெளிச்சம் இல்லாமல் எடுக்கிற கேமரா வேண்டும் என்று கேட்டால் எப்படி இருக்கும் என்பது, கேட்டு முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இறங்கி நடந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். நடந்தால் இன்னும் சந்தேகம். அதனால் வெடிப்பைப் பற்றிச் சொன்னேன். அம்மா தலைவைக்கும் சுவரைப் பற்றியும் சொன்னேன்.

அவர் என் கொப்பியை வாங்கிப் பார்த்தார். பிறகு மூன்று கேமராக்களை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார்.

"இந்தா, இதுல பத்து மெகாபிக்சல் ஈக்கி. மெலிசு. பொம்புளப் புள்ளைகள் எல்லாம் இதத்தான் கேக்குற."

"இருட்டான இடம் ஏதாச்சும் இருக்குங்களா, கடைக்குள்ள?"

"எனத்துக்கு?"

"போட்டுப் பார்க்க."

மாடிப்படிக்குக் கீழே பெட்டிகள் அடுக்கிய ஒரு மூலை இருந்தது. முன்பின் தெரியாத ஆளோடு அந்த மூலைக்குள் போக எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் அது விளங்கியது. "நீங்க போங்க. நான் இங்கேயே நிக்கிறேன். ஐடி கார்டைத் தந்துட்டுப் போங்க" என்றார். என் அடையாள அட்டை அவர் கையில், அவருடைய மூன்று கேமராக்கள் என் கையில். யார் யாருக்கு அதிகம் பயந்தோம் என்று தெரியாது.

பள்ளிக்கூடத்தில் கோடு போடுகிற அடிமட்டத்தைக் கொண்டுபோயிருந்தேன். அதை ஒரு பெட்டியின்மேல் சாத்தி வைத்து எடுத்தேன். மெலிசுக் கேமரா பிளாஷ் அடித்தால் அடிமட்டம் வெள்ளைத் தகடு, அடிக்காவிட்டால் வெறும் புகை. இரண்டாவதில் நீளமாக மூக்கு வெளியே வந்தது. தூரத்தில் உள்ளதைக் கிட்டத்தில் இழுப்பதில் கெட்டிக்காரக் கேமராதான். ஆனால் இருட்டில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் மூக்கை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடித்தது, கறுப்பு, சவர்க்காரக் கட்டி மாதிரி. அதன் தலையில் ஒரு திருகு. அதைத் திருப்பி பிளாஷை அணைத்து, ஆறு வினாடி திறந்திருக்கச் சொல்லி, பெட்டிமேல் வைத்து, தானே சொடுக்கிக்கொள்ளும் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன். சில வினாடிகள். படம் வந்தது. ரவையைத் தூவிவிட்ட மாதிரி கொஞ்சம் பொரிப்பொரியாக இருந்தது. ஆனால் அடிமட்டத்தின் ஒவ்வொரு கோடும் எண்ணிப் பார்க்கும்படி தெரிந்தது.

சாதாரண பென்டோர்ச் பேட்டரி இரண்டு போட்டால் ஓடும். எங்கள் லயத்துக் கடையிலேயே கிடைக்கும்.

"அது போன வருஷத்து மொடல் புள்ள" என்றார் கடைக்காரர்.

"பரவாயில்லைங்க. எங்க லயம் அதைவிடப் பழசு."

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். அடையாள அட்டையைத் திருப்பித் தரும்போது, "பில்லைக் கேமராவோடேயே வெச்சிக்கோங்க. ஆரும் கேட்டா காட்டுங்க" என்றார். நான் இரண்டு மாதம் சேர்த்தது அந்தப் பில்லில் இருந்தது.

அன்று மாலை தூறலும் மூடுபனியும். நான் கேமராவோடு பின்பக்கம் போகிறேன் என்று லயமே தெரிந்துகொண்டு பின்னால் வந்தது. வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆணி அடித்தேன். இரண்டுக்கும் நடுவில் அடிமட்டத்தை வைத்தேன். இத்தனை கண்கள் பார்க்கும்போது கேமராவைக் கீழே வைத்துக் குந்தியிருக்க வெட்கமாக இருந்தது. நின்றபடியே எடுத்தேன். பைக்குள் இருந்தபோது திருகு தானாகத் திரும்பியிருந்ததை நான் பார்க்கவில்லை. பிளாஷ் பளீரென்று அடித்தது.

திரையில் மண்ணைக் காணோம். கறுப்பின்மேல் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். பெரிதும் சிறிதுமாக நூறு இருக்கும்.

பெரியப்பா சிரிக்க வாயைத் திறந்தார். அதற்குள் பக்கத்துக் காம்பரா அக்கா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"ஆத்தா! முத்து! மாரியாத்தாவோட முத்துடி இது!"

ஒருத்தர் மாற்றி ஒருத்தர் கேமராவை வாங்கிப் பார்த்தார்கள். கைகூப்பினார்கள். பெரியப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "எங்க டீச்சர் கையில விழுந்திருக்குப் பாருங்க" என்றார். கிண்டல் இல்லாமல் அவர் என்னை டீச்சர் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அது மழைத்துளி. பிளாஷ் வெளிச்சம் பட்டு, மிகக் கிட்டத்தில் இருந்ததால் உருண்டையாகத் தெரிகிற மழைத்துளி. அந்தக் கம்யூனிகேஷன் கடையில் அதையும் படித்திருந்தேன். சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பீலியில் சிரித்த அதே முகங்கள் இப்போது என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது. நான் சொல்லவில்லை.

மறுநாள் வந்து பார்த்தபோது வெடிப்பின் ஓரத்தில் ஒரு அகல்விளக்கு, வேப்பிலை, மஞ்சள் துணி. அப்போதும் சொல்லவில்லை. யாரும் தொடாமல் இருந்தால் என் ஆணிகளுக்கும் பாதுகாப்புத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு நான் சரியாகத்தான் எடுத்தேன். பிளாஷ் இல்லை. துணி துவைக்கும் கல்லின்மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் கேமரா. கல் நகராது, அதனால் தூரமும் மாறாது. மேட்டுமண்ணில் ஆட்டுத்தலை வடிவத்தில் ஒரு கருங்கல் துருத்திக்கொண்டிருந்தது. அது எப்போதும் படத்தின் வலது மூலையில் வரும்படி பார்த்துக்கொண்டேன். பத்து நாள் மழை இல்லை, ஆணிகளும் அசையவில்லை. மழை தொடங்கிய வாரத்தில் அரை அங்குலம். அடுத்த வாரம் இன்னொரு அரை அங்குலம். படுப்பதற்கு முன் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகத் தள்ளிப் பார்த்தால் ஆணிகள் விலகுவது கண்ணுக்கே தெரிந்தது. அம்மாவின் பாயை முன்பக்கம் இழுத்துப் போட்டேன். "அங்க குளிர்காத்து அடிக்குது" என்று அவள் பழைய இடத்துக்கே போனாள்.

"ஆத்தா காவலுக்கு இருக்கா. உனக்கு என்னா பயம்?" என்றாள்.

அந்த வார்த்தையோடு கேமராவை அணைத்துவிட்டேன். நான் சொல்லாமல் விட்ட ஒன்றை நம்பி என் அம்மா அந்தச் சுவரில் தலைவைத்துப் படுத்திருந்தாள்.

அடுத்த நாள் அரைநாள் லீவு போட்டு, அரசாங்க அலுவலகத்துக்குப் போய்ப் படங்களைக் காட்டினேன். அங்கிருந்த பெண் எழுத்தர் ஐந்து படம் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார். மண்சரிவு பார்க்கிற அதிகாரி வியாழக்கிழமை வருவார் என்று சொன்னார்கள். லயத்தில் வந்து சொன்னேன். அதுதான் நான் செய்த தவறு. வருகிறார் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கக் கூடாது.

வியாழக்கிழமை அதிகாரியின் ஜீப்பில்தான் நானும் பள்ளிக்கூடத்திலிருந்து மேலே வந்தேன். வளைவு திரும்பியதும் பார்த்தேன். லயம் முழுக்க வெள்ளை. சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. வாசல்களில் கோலம். துரை வந்தாலும் டாக்டர் வந்தாலும் பாட்டன் காலத்திலிருந்து நாங்கள் செய்கிற வேலை அது. பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் லயம் அழுக்காக இருக்கக் கூடாது.

பின்பக்கம் ஓடினேன். சந்து பெருக்கியிருந்தது. கானில் ஒரு சருகு இல்லை. வெடிப்பு இருந்த இடம் முழுக்க மண் வைத்து அடைத்து, சாணியும் மஞ்சளும் கரைத்து வழுவழுவென்று மெழுகியிருந்தார்கள். என் இரண்டு ஆணிகளையும் பிடுங்கி வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள்.

அம்மா கையில் காய்ந்த சாணியோடு நின்றாள். முகம் நிறையச் சந்தோஷம். "விடியக்காலமே எந்திரிச்சு நானேதான் மெழுகினேன். ஆத்தா இருக்கிற எடம் வேற. உன் ஆபீசரு வந்து அசிங்கமாப் பார்க்கக் கூடாதுல்ல?"

அதிகாரி மேட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"கோ நங்கி?" என்றார். வெடிப்பு எங்கே தங்கச்சி, என்று சிங்களத்தில்.

அவருக்குப் பின்னால் கணக்கப்பிள்ளை நின்றார். சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "நான்தான் சொன்னேனே சேர். இந்தப் பிள்ளைகள் கொஞ்சம் படித்துவிட்டால் இப்படித்தான்."

கேமராவை எடுத்தேன். உச்சிவெயில் பட்டுத் திரையில் ஒன்றும் தெரியவில்லை. அம்மா கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு கொடியில் கிடந்தது. அதை இழுத்து, அதிகாரியின் தலைக்கும் என் தலைக்கும் மேலாகப் போட்டேன். பின்னால் யாரோ கெக்கலித்தார்கள். அந்த இரப்பர்ச் சீலை நாற்றத்துக்குள், இருட்டில், ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினேன்.

"இது இந்த இடம்தான் என்று எப்படி நம்புவது?" அவர் சிங்களத்தில் கேட்டார். நியாயமான கேள்வி.

"வலது மூலைக் கல்லைப் பாருங்கள் சேர்."

படங்கை விலக்கி வெளியே வந்தார். ஆட்டுத்தலைக் கல்லைத் தேடிக் கண்டுபிடித்தார். திரையைப் பார்த்தார். திரும்பவும் கல்லைப் பார்த்தார். கையிலிருந்த குடையின் முனையைத் தூக்கிக்கொண்டு, மெழுகிய இடத்தில் குத்திப் பார்க்க ஒரு அடி எடுத்து வைத்தார்.

"ஐயா, வேணாம்!" பக்கத்துக் காம்பரா அக்கா குறுக்கே விழுந்தாள். "சப்பாத்தோட மிதிக்காதீங்க! ஆத்தா இருக்கா அதுல!" இன்னும் மூன்று பேர் அவளோடு சேர்ந்து நின்றார்கள். பெரியப்பா கையை விரித்து மறித்தார். "டீச்சர், நீ சொல்லும்மா அவருக்கு. உன் கேமராவுலதானே முத்து விழுந்திச்சு."

அதிகாரி என்னைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜீப் திரும்பிப் போய்விட்டால் இனி வராது.

"அது முத்து இல்ல பெரியப்பா" என்றேன். "மழைத்துளி. பிளாஷ் பட்டு அப்படித் தெரிஞ்சிச்சு. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

பெரியப்பா விரித்த கையை இறக்கினார்.

"தெரியுமா?" என்றார் பெரியப்பா. "தெரிஞ்சுமா எங்கள வெளக்கேத்த விட்ட?"

"ஆமா."

அம்மா தன் கையிலிருந்த சாணியை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். காய்ந்த சாணி அது, உதிர்ந்துதான் விழும், துடைக்கத் தேவையில்லை. பிறகு அவளே போய் விளக்கையும் மஞ்சள் துணியையும் எடுத்தாள். அக்காவின் தோளைப் பிடித்து ஒதுக்கினாள்.

அதிகாரி சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் போனார். குடை முனையை மெழுகிய மண்ணின்மேல் வைத்து மெல்ல அழுத்தினார். மெழுகியது உடைந்தது. குடை இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது, கைப்பிடி மண்ணைத் தொடும்வரை இறங்கியது. இழுத்தபோது முனையில் ஈரச்சேறு சொட்டியது.

"இன்றைக்கு ராத்திரி இந்த லயத்தில் யாரும் படுக்கக் கூடாது" என்றார். அதைத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

எட்டுக் குடும்பமும் புள்ளக்காம்பராவுக்குப் போனோம். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற கட்டடம் அது. சுவரில் வரைந்த யானைக்கும் வாத்துக்கும் கீழே பாய் விரித்தோம். அக்கா என்னோடு பேசவில்லை. பெரியப்பா என்னை டீச்சர் என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். அம்மா மட்டும் அன்றிரவு, "சொல்லியிருக்கலாம்ல, எனக்காச்சும்?" என்று கேட்டாள்.

ஒரு மாதம் ஆகிவிட்டது. மேடு இன்னும் விழவில்லை. "எங்க, உன் மலை இன்னும் விழலியே?" என்று பெரியப்பா பீலியில் கேட்கிறார். சிரிப்பும் திரும்பி வந்துவிட்டது. கனத்த மழை பெய்கிற இரவுகளில் நான் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறேன். விழட்டும், எல்லோரும் பார்க்கட்டும் என்று ஒரு தடவை நினைத்தேன். நினைத்த கணமே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அங்கே எங்கள் அடுப்பு இருக்கிறது, அப்பாவின் படம் மாட்டிய ஆணி இருக்கிறது. நான் சரி என்று காட்டுவதற்காக அவ்வளவும் மண்ணுக்குள் போக வேண்டுமா? திரும்பவும் ஆணி அடித்திருக்கிறேன். வெடிப்பு வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இனி யாரும் அங்கே குடியிருக்கக் கூடாது என்று அதிகாரியிடமிருந்து கடிதமும் வந்திருக்கிறது. பெரியப்பாவுக்கு அதை வாசித்துக் காட்டியதும் நான்தான். இரண்டாம் தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தின் கீழ் டிவிஷனிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். "எங்க லயத்துக்குப் பின்னாலயும் ஒரு வெடிப்பு இருக்குங்க. உங்க பெரியப்பாதான் உங்ககிட்டப் போகச் சொன்னாரு" என்றார்கள். அன்று மாலையே போனேன். தூறல்தான். படம் எடுக்குமுன் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, யார் வருவதாக இருந்தாலும் இந்த இடத்தைப் பெருக்கவோ மெழுகவோ கூடாது என்றேன். பிறகு வேண்டுமென்றே பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்து, அந்த வெள்ளை உருண்டைகளை ஒவ்வொருவருக்கும் காட்டி, "இது மழை" என்றேன். இரண்டு ஆணி அடித்து, பிளாஷை அணைத்தேன். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் கேமராவை வைத்தேன். ஆணிக்கு ஆணி ஐந்து அங்குலம். முதல் படம் என்னிடம் இருக்கிறது.